எண்பத்தேழுக்கு மேல் ஏறாத எண்

என் நாத்தனாருக்கு இரண்டு குரல்கள் உண்டு. வீட்டில் என்னை "அண்ணி" என்று கூப்பிடும் குரல் ஒன்று. ஆஸ்பத்திரியில் "உங்க டேட்டாபேஸ்" என்று சொல்லும் குரல் இன்னொன்று. அந்த "உங்க"வுக்கு ஒரு தனி அழுத்தம் கொடுப்பாள், ஏதோ நான் சீதனமாகக் கொண்டுவந்த ஓட்டைப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறாள். அங்கிருந்து வரும் முடிவுகளெல்லாம் போய்ச் சேரும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அதே கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத, ஏசிக்கு மட்டும் குறைவில்லாத அறை எங்களுடையது. குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவள், நாலு வருஷம் கழித்து, மூன்று மாதத்துக்கு முன்புதான் திரும்பி வந்தேன். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதே நாத்தனார் பேச்சில்தான். "இத முதல்ல கட்டினவங்க எங்க அண்ணி, அவங்களால மட்டும்தான் முடியும்" என்று மேலிடத்தில் அடித்துச் சொல்லியிருக்கிறாள். நான் மறந்துவிடக் கூடாது என்று வாரத்துக்கு இரண்டு தடவை அவளே ஞாபகப்படுத்தவும் செய்வாள்.

தொல்லை காலை பத்து மணிக்குத்தான். வார்டுகளில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பும் நேரம் அது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பரிசோதனை முடிவுகளைத் திறப்பார்கள். கூடத்து இயந்திரங்களும் அப்போதுதான் முடிவுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் டேட்டாபேஸோ ஒரே நேரத்தில் எண்பத்தேழு இணைப்புகளுக்கு மேல் உள்ளே விடாது. எண்பத்தெட்டாவதாக வருகிறவர் எவ்வளவு பெரிய டாக்டரானாலும் திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பதினொரு மணி வரைக்கும் இதே கதை. நாலு வருஷத்தில் ஆஸ்பத்திரி இரண்டு மடங்கு வளர்ந்திருக்கிறது, எண் மட்டும் வளரவில்லை.

எண்பத்தேழை முந்நூறு ஆக்கினால் தீர்ந்தது. வந்த முதல் வாரமே அதைச் சொன்னேன், ஏதோ பல்ப் மாற்றுகிற வேலை மாதிரி.

எங்கள் டேட்டாபேஸ் கன்டெய்னர் ஒன்றுக்குள் ஓடுகிறது. பெட்டி என்றே சொல்லிவிடுகிறேன். பெட்டிகளை மேய்ப்பதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதி அதனிடம் கொடுத்துவிட்டால் போதும். பெட்டி படுத்துவிட்டால் அது பதறாது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோப்பில் உள்ளபடி புதுப் பெட்டி ஒன்றைச் செய்து வைத்துவிடும். ஆகவே எந்த மாற்றமானாலும் கோப்பில்தான் செய்ய வேண்டும். பெட்டிக்குள் நுழைந்து கையால் எதையாவது மாற்றினால், அடுத்த பெட்டி வரும்போது அது காணாமல் போய்விடும். இது எங்கள் அறையின் முதல் சட்டம். "பெட்டிக்குள் கை வைக்காதே" என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் சாட்சாத் நானேதான்.

கோப்பில் முந்நூறு என்று எழுதினேன். மேய்க்கும் மென்பொருள் பழைய பெட்டியைக் கழற்றிப் புதுப் பெட்டியை வைத்தது. எல்லாம் சரி என்று பச்சை விளக்கும் காட்டியது. டேட்டாபேஸிடம் கேட்டால் எண்பத்தேழு என்கிறது. எழுத்துப் பிழையா என்று பார்த்தேன், இல்லை. மறுபடி மாற்றினேன், மறுபடி பச்சை, மறுபடி எண்பத்தேழு. மூன்றாவது தடவை கோப்பையே புதிதாக எழுதினேன். அதற்கும் எண்பத்தேழுதான். பச்சை விளக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வர ஆரம்பித்தது.

நான் இல்லாத நாலு வருஷமும் இந்த டேட்டாபேஸைக் காப்பாற்றி வந்தவர் மெக்கானிக். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடத்து இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரை, நான் போன பிறகு, "அதுவும் மெஷின்தானே" என்று சொல்லி இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். நான் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகளை ஒரு நோட்டில் காப்பி எடுத்துக்கொண்டு, அதில் உள்ளபடி, ஒரு புள்ளி பிசகாமல் நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். நான் ஏதாவது கத்தினால், கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்.

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் கட்டிக் கொடுத்தது ஒழுங்காகத்தான் இருந்தது, நடுவில் புகுந்தவர்தான் எதையோ குளறுபடி செய்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நாலு வருஷத்தில் அவர் கோப்பில் செய்த மாற்றங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றிலும் குற்றம் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது, நன்றாக மறைத்திருக்கிறார் என்று.

திங்கட்கிழமை கூட்டத்தில் பெரிய டாக்டர், "மூணு மாசமா என்ன பண்றீங்க?" என்று நேரடியாகவே கேட்டார். ஆஸ்பத்திரியே அவர் சொல்லில்தான் நடக்கிறது. நாத்தனார் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் பதில் தனக்கும் சேர்த்துத்தான் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "நாலு வருஷமா விவரம் தெரியாத கையில இருந்திருக்கு சார். எங்க என்ன கெடுத்து வெச்சிருக்குன்னு கண்டுபிடிக்கவே இவ்வளவு நாளாகுது" என்றேன். விவரம் தெரியாத கை மேஜையின் கடைசியில்தான் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தது.

அங்கேயே இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கும் நின்றுபோனால், பரிசோதனை முடிவுகளைப் பழையபடி காகிதத்தில் எழுதி வார்டுக்கு அனுப்புவது, வெளியிலிருந்து வேறு ஆட்களைக் கூப்பிடுவது. அது ஒன்று. என் டேட்டாபேஸ் சரியானாலும் ஆகாவிட்டாலும் மெக்கானிக்கை இந்த மாதத்தோடு அனுப்பிவிடுவது, அது இன்னொன்று. வியாழன் கூட்டத்தில் கடிதம் கையெழுத்தாகும் என்றார்கள். நான் அந்த இரண்டாவது முடிவுக்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை எட்டரைக்கெல்லாம் நான் வந்துவிட்டேன். மெக்கானிக் எனக்கு முன்பே வந்து, தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்து சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி கம்ப்யூட்டரைத் திறந்தேன். கோப்பு முந்நூறு. விளக்கு பச்சை. டேட்டாபேஸ் எண்பத்தேழு. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மேடம்," என்றார் மெக்கானிக், பையை மூடிக்கொண்டே. "மெஷின்ல அளவு தப்பாக் காட்டிச்சுன்னா, எந்த ஒயர்லேர்ந்து அந்த அளவு வருதுன்னுதான் நாங்க முதல்ல பாப்போம். இந்த எண்பத்தேழு எங்கேர்ந்து வருதுன்னு அதுகிட்டயே கேக்க முடியாதா?"

முடியும். ஒரே ஒரு வரிக் கேள்வி. ஒவ்வொரு அமைப்பையும் எந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டது என்று டேட்டாபேஸ் தானே பதில் சொல்லும். இந்தத் தொழிலில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவள் நான், எனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. மூன்று மாதமாக நான் எண்ணைத் தேடவில்லை, ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கேட்டேன். பதிலில் வந்தது எங்கள் கோப்பின் பெயர் இல்லை. வேறொரு சின்னக் கோப்பு, அதுவும் தரவு வட்டில் இருந்தது.

பெட்டி போகலாம், நோயாளிகளின் தரவு போகக் கூடாது அல்லவா? அதனால் தரவு இருக்கும் வட்டு பெட்டிக்கு வெளியே தனியாக இருக்கும். புதுப் பெட்டி ஒவ்வொன்றும் வந்து அந்தப் பழைய வட்டைத்தான் மாட்டிக்கொள்ளும். யாராவது டேட்டாபேஸுக்குள் நுழைந்து, "இந்த எண்ணை வைத்துக்கொள்" என்று நேரடியாக ஆணையிட்டால், டேட்டாபேஸ் அதை அந்த வட்டிலேயே ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். கிளம்பும்போது எங்கள் கோப்பைப் படித்துவிட்டு, கடைசியாக அதைப் படிக்கும். கடைசியில் படித்ததுதான் செல்லும். நாங்கள் எத்தனை பெட்டி மாற்றினால் என்ன, எங்கள் முந்நூறை மரியாதையாகப் படித்துவிட்டு அது எண்பத்தேழுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் கை வைத்தால் தங்காது என்று நம்பியதால் நாங்கள் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை.

"எந்த மடையன் வெச்ச வேலை இது" என்று சொல்லிக்கொண்டே அந்தக் கோப்பு எழுதப்பட்ட தேதியைப் பார்த்தேன்.

அது என் மகன் பிறந்த தேதி.

அன்று காலையிலிருந்தே இடுப்பு வலி. டேட்டாபேஸ் வேறு நினைவகம் போதாமல் அரை மணிக்கு ஒரு தடவை விழுந்துகொண்டிருந்தது. அப்போதைய இயந்திரம் அவ்வளவு சின்னது, இணைப்புகளைக் குறைத்தால்தான் தாங்கும். கோப்பில் எழுதி, அது பெட்டிக்குப் போய்ச் சேரும் வரை பொறுமை இல்லை. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நானே உள்ளே நுழைந்து, எண்பத்தேழு என்று ஆணையிட்டேன். திங்கட்கிழமை வந்து கோப்பிலும் எழுதிவிட்டு இதை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிப் பிரசவ வார்டுக்குப் போனேன். அந்தத் திங்கட்கிழமை எனக்கு வரவே இல்லை.

"யார் போட்டது மேடம்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இதுல பேரெல்லாம் இருக்காது" என்றேன். பொய் இல்லை. ஆனால் பொய்தான். என் காது மடல்கள் சூடானது எனக்கே தெரிந்தது.

மணி ஒன்பது முப்பத்தைந்து. அந்த வரியை நீக்கிவிட்டு டேட்டாபேஸை ஒரு தடவை நிறுத்திக் கிளப்ப வேண்டும். நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு நிமிஷம் எல்லா மெஷினையும் அனுப்பாம நிறுத்தி வைக்கச் சொல்லு."

"கடிகாரத்துல இருக்கற ரெண்டு நிமிஷமா, இல்ல நீங்க கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சொல்ற ரெண்டு நிமிஷமா அண்ணி?"

"கடிகாரத்துதான். நிறுத்து."

வரியை நீக்கினேன். கிளப்பினேன். டேட்டாபேஸிடம் கேட்டேன். முந்நூறு என்றது. மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு இணைப்புகள் ஏறத் தொடங்கின. எழுபது, எண்பது, எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று. நூற்றுப் பதினான்கு. நூற்று அறுபதுக்குப் போய் அங்கேயே உலாவிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வேலை போகப் போகிற மனுஷன், இயந்திரம் ஓடுகிறதே என்று சிரிக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினொன்றரைக் கூட்டத்துக்கு நாத்தனாரும் நானும் ஒரே லிஃப்டில் ஏறினோம். அவள் காற்றில் மிதந்துகொண்டிருந்தாள். "நர்ஸ் ஒருத்தங்க போன் பண்ணி, ரிசல்ட் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கே, ஏதாவது கோளாறான்னு கேக்கறாங்க அண்ணி" என்றாள்.

"அந்த எண்பத்தேழு, அது நான் போட்டது" என்றேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் முழுக் கதையையும் சொல்லி முடித்தேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "சரி. சரியாயிடுச்சில்ல, விடுங்க. வாயத் திறக்காதீங்க."

"மெக்கானிக்க அனுப்பறாங்களே."

"அண்ணி, நான் என் பேர வெச்சு உங்கள உள்ள கொண்டு வந்தேன். உங்களத் தவிர யாராலும் முடியாதுன்னு சொன்னேன். இப்ப நீங்க போய், கெடுத்ததே நான்தான்னு சொன்னா, நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்தது.

அதே மேஜை, திங்கட்கிழமை இருந்த அதே ஆட்கள். மெக்கானிக் கடைசியில். பெரிய டாக்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "மூணு மாசம் ஆனாலும் கண்டுபிடிச்சிட்டீங்க. என்னதான் பண்ணி வெச்சிருந்தார் இவர்?" என்று கேட்டுக்கொண்டே கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"அவர் ஒண்ணும் பண்ணல சார். நான் பண்ணினது" என்றேன்.

பேனா நின்றது. நான் எழுந்து நின்றுகொண்டு சொன்னேன், உட்கார்ந்து சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயம். தேதியைச் சொன்னேன், வலியைச் சொன்னேன், ஆனால் வலியைச் சாக்காகச் சொல்லவில்லை. "உள்ள கை வைக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டினது நான். கை வெச்சதும் நான். இவர் நாலு வருஷமா நான் எழுதினதுக்குக் கட்டுப்பட்டு நடந்தார். இன்னிக்கு அது எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்கன்னு சொன்னதும் இவர்தான். திங்கக்கிழமை இவரப் பத்தி நான் சொன்னது தப்பு."

பெரிய டாக்டர் பேனாவால் கடிதத்தைத் தட்டினார். "அப்ப இந்தக் கடிதத்துல யார் பேர எழுதறது? உங்க பேரயா?"

"அது உங்க இஷ்டம் சார். அவர் பேர் மட்டும் வேணாம்."

நாத்தனார் தன் கையிலிருந்த தாள்களை நேராக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். பிறகு ஆஸ்பத்திரிக் குரலில் பேசினாள்.

"சார், இன்னிக்குப் பத்து மணியிலேர்ந்து பதினோரு மணிக்குள்ள எங்க கூடத்துலேர்ந்து நானூறு ரிசல்ட் போயிருக்கு. ஒண்ணும் நிக்கல. உள்ள என்ன இருக்குன்னு இவங்களுக்குத் தெரியும், தினமும் ஒழுங்கா நடத்த அவருக்குத் தெரியும். ஒருத்தர அனுப்பினா மறுபடி நான்தான் காகிதத்தோட மாடி ஏறணும். எனக்கு முட்டி வலி. ரெண்டு பேரையும் விட்டு வைங்க."

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை மூடினார். இனி யார் எதைக் கையால் மாற்றினாலும், பெயரும் தேதியும் போட்டு அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், வாரம் ஒரு தடவை அந்தப் பட்டியலைத் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். கடிதத்தை இரண்டாகக் கிழித்து மேஜை ஓரத்தில் வைத்தார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஏதோ கழிவுநீர்க் குழாய் பற்றியது.

மெக்கானிக்கும் நானும் வெளியே வந்தோம். நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் நோயாளிகள் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் சொல்லவில்லை.

"காலைலயே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல மேடம்? நான் கேட்டப்பவே" என்றார்.

"தெரிஞ்சிடுச்சு."

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "திங்கக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய், வேலை போயிடுச்சுன்னு சொன்னேன். நீங்க இங்க சொன்னது சரி. என் வீட்டுல இன்னும் சொல்லல." போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தார்.

அவர் மனைவி எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். தப்பு என்னுடையது, அவர் வேலை எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன்.

"அப்படியாம்மா" என்றார். "மூணு நாளா சரியாச் சாப்பிடல. மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்னு அந்த நோட்டையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்மேல் ஒரு நொடிகூடச் சந்தேகப்படாத மனுஷனை அல்லவா நான் மூன்று மாதம் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"எங்க மாமனார்கிட்டயும் சொல்லிடுங்கம்மா," என்றார் அவர். "அவர்தான் மகனப் போட்டுத் துளைச்சு எடுத்துட்டார், நீ என்னடா பண்ணினன்னு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாச் சொல்லணும்."

போன் கை மாறியது. "யாரு?" என்றது ஒரு கனத்த குரல்.

சொன்னேன். "என்னது?" என்றது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "டாக்டரா? யாருக்கு என்ன?" என்று பதறியது.

"தப்பு என்னோடதுங்க" என்று கத்தினேன். "நான்தான் தப்பு பண்ணினேன். உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒருவர் அழுத்துவதை நிறுத்திவிட்டார். கூட்ட அறையின் கதவு திறந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். எந்தக் குரலிலும் ஒன்றும் சொல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

போனில் பெரியவர், "அப்ப அவன் நாளைக்கு வேலைக்கு வரலாமா?" என்று கேட்டார்.

"வரணும்" என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். "அவர் வராம இங்க ஒண்ணும் நடக்காது."